மார்கழியில் ஒரு நாவல்: கார்த்திகையிலேயே செய்து வைக்க வேண்டியவை

2023 நவம்பர் 1 ஆம் தேதி ராத்திரி, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, புது நோட்டைப் பிரித்து நாவல் எழுத உட்கார்ந்தேன். முப்பது நாளில் முடித்துவிட வேண்டும் என்று சபதம். கையில் இருந்தது ஒரே ஒரு வரி: அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரு வாய்க்கால். எழுத எழுத மற்றது தானாக வரும் என்று நம்பினேன். எட்டு நாள் வரவும் செய்தது.

ஒன்பதாம் நாள் தம்பி கிணற்று மேட்டில் வந்து நின்றான். உள்ளே எட்டிப் பார்க்கிறான். என்ன தெரியும் அவனுக்கு? வாய்க்காலில் தண்ணீர் விட்டு எத்தனை நாளில் பக்கத்துக் கிணறு ஊறும்? எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்டுவிட்டு வந்து எழுதலாம் என்று நோட்டை மூடினேன். மூன்றாம் நாள் தீபாவளி. பலகாரம், வீட்டுக்கு வந்த ஒரம்பரை, ஊருக்குப் போய்வருவது என்று வாரம் ஓடிப்போனது. திரும்ப நோட்டைத் திறந்தபோது தம்பி அதே கிணற்று மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனோடு எனக்குப் பேச்சே இல்லாமல் போயிருந்தது.

அடுத்த வருடம் அதே கதையை மார்கழியில் எழுதி முடித்தேன். 29 நாளில் 31,400 சொல். நடுவில் எனக்குத் திறமை எதுவும் கூடிவிடவில்லை. அதற்கு முந்தைய கார்த்திகை மாதம் முழுக்கத் தயாரிப்பு செய்தேன், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் நாவல் எழுத ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக அந்தத் தயாரிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்

1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் சேர்ந்து, ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதிப் பார்ப்பது என்று இறங்கினார்கள். மறு வருடம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். அங்கே நவம்பரில் வானிலை மோசம், வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மாதம். 'நானோரைமோ' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. இலக்கு 50,000 சொல், அதாவது ஒரு நாளைக்கு 1,667. அதை நடத்திவந்த நிறுவனம் 2025 இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் தேதி குறித்து, எண்ணிக்கை வைத்து, ஒரே மூச்சில் முதல் பிரதியை எழுதிவிடும் பழக்கத்துக்கு எந்த நிறுவனமும் தேவையில்லை.

முதல் பிரதி என்று சொன்னதை மனதில் வையுங்கள். மாதக் கடைசியில் கையில் இருப்பது புத்தகம் ஆகாது. எரின் மார்கன்ஸ்டர்ன் எழுதிய 'தி நைட் சர்க்கஸ்' என்ற நாவல் இப்படிப்பட்ட நவம்பர்களில் பிறந்ததுதான். பலமுறை திருத்தி எழுதப்பட்ட பிறகே 2011 இல் வெளிவந்தது. நாமும் ஒரு மாதத்தில் நூலை நூற்கிறோம், துணி பிறகு.

ஐம்பதாயிரம் நம் கணக்கு இல்லை

முதலில் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பலரும் இதில்தான் முதல் வாரமே சோர்ந்து போகிறார்கள்.

50,000 என்பது ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. "அவன் வீட்டிலிருந்து வரவில்லையென்றால்" என்று தமிழில் எழுதினால் மூன்று சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல எட்டுச் சொல் வேண்டும். நமக்கு வேற்றுமை உருபும் எதிர்மறையும் 'என்றால்' என்ற நிபந்தனையும் எல்லாம் ஒரே சொல்லின் வாலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தமிழில் ஆயிரம் சொல் எழுதியவர், ஆங்கிலத்தில் ஆயிரம் எழுதியவரைவிட நிறையவே கதை சொல்லியிருப்பார். நான் வைத்துக்கொண்ட இலக்கு 30,000. ஒரு நாளைக்கு ஆயிரம். அச்சுப் பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 150 பக்கம் வரும். முதல் நாவலுக்கு அது நல்ல அளவு.

இன்னொரு சங்கதி. கம்ப்யூட்டர் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதினால் மூன்று, 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்தால் ஒன்று. எண்ணிக்கை குறைகிற ராத்திரியில் நம்மை அறியாமலே பிரித்து எழுத ஆரம்பித்துவிடுவோம். எனக்கு நடந்தது. பிறகு திருத்தும்போது முப்பது நாள் பிரதியில் மூன்று விதமான எழுத்து கிடந்தது. சேர்ப்பதா பிரிப்பதா என்று முந்தைய மாதமே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு அதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

ஆயிரம் சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் ஊகிக்காமல் அளந்து பாருங்கள். நான் மூன்று நாள் சோதனையாக எழுதிப் பார்த்தேன். 45 நிமிடத்தில் 420 சொல் வந்தது. அப்படியானால் ஆயிரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பனியன் கம்பெனியில் கணக்கெழுதிவிட்டுப் பொழுதோட வீடு திரும்புகிற எனக்கு அது ஒரே இருப்பில் கிடைக்காது. காலையில் ஒரு மணி, ராத்திரி முக்கால் மணி என்று பிரித்துக்கொண்டேன். நோட்டில் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் பிடிக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம். லாங் சைஸ் நோட்டில் எனக்கு 130 வரும். எட்டுப் பக்கம் நிறைந்தால் அன்றைய வேலை முடிந்தது.

ஏன் மார்கழி

நவம்பர் அமெரிக்காவுக்கு வசதியான மாதம். நம் ஊரில் அது ஐப்பசியும் கார்த்திகையும். பல வருடம் தீபாவளி அதில் விழுகிறது. முகூர்த்த நாள்கள் வரிசையாக வரும். கொங்கு நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போவது என்றால் தலையைக் காட்டிவிட்டு வருவது இல்லை. முந்தின நாளே போக வேண்டும், சீர் முடியும்வரை இருக்க வேண்டும். ஒரு கல்யாணம் என்றால் இரண்டு நாள், இரண்டாயிரம் சொல்.

மார்கழியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. பத்திரிகை வைக்க யாரும் வரமாட்டார்கள். டிசம்பர் நடுவில் தொடங்கிப் போகிப் பண்டிகையோடு முடிகிற மாதம். 29 நாளோ 30 நாளோ இருக்கும். முடிந்த மறுநாள் பொங்கல். இதைவிடப் பொருத்தமான கடைசித் தேதி எங்கே கிடைக்கும்? ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனால் பண்ணையம் பார்க்கிறவர்களுக்கு அது விதைப்பு மாதம், சரிப்படாது.

மார்கழிக்கும் தொல்லை உண்டு. விடியக்காலம் கோயிலில் ரேடியோ போட்டுவிடுவார்கள். வாசல் தெளித்துக் கோலம் போட வீடே எழுந்துவிடும். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, பிறகு லீவு. அதனால் நான் நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். ஐந்துக்குப் பாட்டு ஆரம்பித்ததும் நோட்டை மூடிவிட்டுக் கோலப்பொடியை எடுப்பேன். ஐந்து நாள் எப்படியும் போய்விடும் என்று முன்னாலேயே கழித்துவிடுங்கள். மின்தடை, காய்ச்சல், ஒரு சாவு வீடு. 30,000 ஐ 25 ஆல் வகுத்தால் நாளைக்கு 1,200. அந்தக் கூடுதல் இருநூறுதான் உங்கள் சேமிப்பு.

தயாரிப்பு என்றால் எதைத் தயார் செய்வது

நாவல் எழுதுகிறவர்களில் இரண்டு விதம் உண்டு என்பார்கள். எல்லாவற்றையும் திட்டம் போட்டு எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், போகிற போக்கில் எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, ஒரு மாத நாவலுக்கு வேண்டிய தயாரிப்பு கதையை முழுக்க முடிவு செய்வது இல்லை. எழுதும்போது எங்கெல்லாம் கை நிற்குமோ, அந்த இடங்களை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தாண்டி வைப்பதுதான் தயாரிப்பு.

சென்னிமலையில் என் சித்தி வீட்டில் இரண்டு தறி உண்டு. பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், தீர்ந்து புதுப் பாவு ஏற்றுகிற நாளில் தறிச் சத்தமே கேட்காது. பழைய பாவின் நுனியில் புதுப் பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. அன்றைக்கு ஒரு முழம் துணிகூட விழாது. வெளியிலிருந்து பார்த்தால் வேலையே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அங்கே ஓர் இழை விட்டுப்போனால் நெய்கிற துணியில் நெடுகக் கோடு விழும். மறுநாள் நாடாவைத் தட்ட ஆரம்பித்த பிறகு குறுக்கு நூலான ஊடை ஓடுவதைத்தான் பார்க்க வேண்டும், பாவைப் பார்க்க நேரம் இருக்காது. கார்த்திகை மாதம் எனக்குப் பாவு பிணைத்த மாதம்.

நாவலின் பாவு எது? ஆட்கள், அவர்களுடைய ஆசை, இடம், தொழில், அவர்கள் பேசுகிற விதம். இவ்வளவும் நீளவாக்கில் கடைசிவரை ஓடுகிற இழைகள். குறுக்கே ஓடுகிற சம்பவங்களைத் தினமும் உட்கார்ந்து நெய்துகொள்ளலாம்.

ஆசையில் தொடங்குங்கள். என் கதையில் கீழ்பவானி வாய்க்கால் இருக்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் வழியே சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிற மண் வாய்க்கால். அதற்குக் காங்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நின்றதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். காங்கிரீட் போட்டால்தான் வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் என்றார்கள் ஒரு சாரார். போட்டால் கசிவு நின்றுபோகும், கசிவை நம்பியிருக்கிற கிணறெல்லாம் வற்றிவிடும் என்றார்கள் மறு சாரார். என் அண்ணனுக்குக் கடைமடையில் வெள்ளாமைக் காடு. தம்பிக்கு வாய்க்கால் கரையோரம் கிணற்றுத் தோட்டம். அண்ணனுக்குக் காங்கிரீட் வேண்டும், தம்பிக்கு வேண்டாம். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை கிடைத்துவிட்டால் முப்பது நாளுக்குக் கதை தீராது. ஒருவன் கெட்டவன், ஒருவன் நல்லவன் என்று வைத்தால் பத்தாம் நாளே சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விடும்.

ஆக, உங்கள் முக்கியமான ஆட்கள் மூன்று நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். இவருக்கு என்ன வேண்டும், அதை யார் தடுக்கிறார், அந்தத் தடுப்பவர் பக்கம் என்ன நியாயம். இதை எழுத முடியாத ஆள் கதைக்கு இன்னும் தயாராகவில்லை.

போய்க் கேட்டு வருவது

என்னை 2023 இல் நிறுத்திய கேள்வியை 2024 கார்த்திகையில் கேட்கப் போனேன். பெரியப்பா முறை ஆகிற ஒருவர், வாய்க்கால் கரையில் தோட்டம், வயது எழுபதுக்கு மேல். கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீனியாகத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங் பெரீப்பா, வாய்க்கால்ல தண்ணி உட்டா நம்ம கெணத்துக்கு எத்தன நாள்ல வருமுங்க?"

"அதெல்லாம் எண்ணிப் பாத்ததில்ல கண்ணு. காத்தால மோட்டாரு போட்டாத் தெரிஞ்சு போயிரும். தண்ணி கொறவா இருக்கறப்ப கொழாயி இருமி இருமித்தான் ஊத்தும். ஊத்து வந்துருச்சுன்னா இருமல் நின்னு போயிரும்."

நாள் கணக்குக் கேட்கப் போனவளுக்கு இருமல் கிடைத்தது. என் நாவலின் கடைசிக் காட்சி அங்கேயே, அந்தக் கட்டுத்தறியிலேயே பிறந்துவிட்டது. தம்பி கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. வீட்டு ஆசாரத்தில் படுத்துக்கொண்டு, விடியக்காலம் மோட்டார் போட்டதும் குழாய்ச் சத்தத்தைக் கேட்டால் போதும்.

அதனால் கேட்கப் போகும்போது எண்களை மட்டும் கேட்காதீர்கள். "அது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கண்ணுக்கு என்ன தெரிந்தது, காதுக்கு என்ன கேட்டது, மூக்குக்கு என்ன வந்தது. புத்தகத்தில் கிடைக்காதது அதுதான். கூடவே சொற்களையும் வாங்கி வாருங்கள். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் நான் குறித்துக்கொண்டவை: மதகு, கொப்பு வாய்க்கால், ஆயக்கட்டு, கடைமடை, மொறைத்தண்ணி, லஸ்கர். வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். அந்தச் சொல் தெரியாமல் 2023 இல் 'வாய்க்கால் ஊழியர்' என்று எழுதி வைத்திருந்தேன். படித்தால் அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது.

கதை நடக்கிற இடத்தில் ஒரு தடவையாவது நடந்துவிடுங்கள். பைக்கில் போவது கணக்கில் சேராது. அண்ணன் காட்டிலிருந்து தம்பி தோட்டத்துக்கு நடக்க எவ்வளவு நேரம், வழியில் எங்கே நிழல், எந்த இடத்தில் நாய் குரைக்கும். இவை தெரிந்திருந்தால், கோபத்தோடு அண்ணன் கிளம்பி வருகிற காட்சியில் அவன் கோபம் எந்த இடத்தில் கொஞ்சம் ஆறும், எங்கே திரும்ப ஏறும் என்பதும் தெரிந்துவிடும்.

எவ்வளவு கேட்டு வைத்தாலும் எழுதும்போது தெரியாதது ஒன்று வந்தே தீரும். அப்போது எழுந்து போகக் கூடாது. இணையத்தில் தேடவும் கூடாது. அந்த இடத்தில் 'ஞஞ' என்று போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். "மோட்டார் ஞஞ குதிரைத்திறன்." இப்படி இரண்டு ஞ அடுத்தடுத்து வருவது தமிழில் அபூர்வம். 'விஞ்ஞானம்' என்பதில்கூட நடுவில் புள்ளி வந்துவிடுகிறது. மாதம் முடிந்து ஞஞ என்று தேடினால் நிரப்ப வேண்டிய இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என் பிரதியில் 64 இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் நிரப்பி முடித்தேன்.

அவர்கள் எப்படிப் பேசுவார்கள்

கொங்கு நாட்டில் கதை எழுதுகிறவருக்குக் கை அதிகமாக நிற்கிற இடம் பேச்சு. எழுத்துத் தமிழில் பேசவிட்டால் ஆட்கள் பொம்மையாகிவிடுகிறார்கள். அப்படியே பேச்சில் எழுதினால் ஒவ்வொரு வரியிலும் ஒரு சந்தேகம்: கெணறா கிணறா? வெள்ளாமையா விவசாயமா? 'பொழுதோட' என்றால் தஞ்சாவூர்க்காரருக்குப் புரியுமா?

இந்தத் தயக்கத்தை நமக்கு முன்னாலேயே தீர்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942 இலேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குக் கிராமத்துப் பேச்சைத் தயங்காமல் எழுதினார். பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000 இல் வந்தது. தயாரிப்பு மாதத்தில் அந்த அகராதியைச் சும்மா புரட்டுங்கள். உங்கள் அப்பாரும் ஆத்தாளும் சொல்லி, நீங்கள் மறந்துபோன பத்துச் சொல்லாவது கண்ணில் படும். அந்தப் பத்தோடு யாரோ ஒருவர் முகமும் கூட வரும்.

நான் செய்துகொண்ட முடிவு எளிமையானது. கதை சொல்கிற குரல் பொதுத்தமிழ், ஆட்கள் பேசுவது கொங்கு. நடுவில் விளக்கம் கிடையாது, அடைப்புக்குறிக்குள் பொருள் கிடையாது. சூழலே புரியவைக்கட்டும்.

அதற்கு மேல் ஒரே ஒரு விஷயத்தில் கூடுதலாக உழைத்தேன். 'ங்க'. நம் பக்கத்தில் யார் யாருக்கு 'ங்க' போடுகிறார் என்பதிலேயே பாதி உறவு தெரிந்துவிடும். ஒரு தாளில் என் ஆட்கள் ஆறு பேரையும் எழுதி, யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கோடு போட்டேன். தம்பி அண்ணனிடம் 'சரிங்கண்ணா', 'இல்லீங்கண்ணா'. அண்ணன் தம்பியிடம் 'ஏப்பா'. தம்பி பெண்டாட்டி அண்ணனிடம் நேராகப் பேசமாட்டாள், பிள்ளையைச் சாக்காக வைத்து 'பெரியப்பாவச் சாப்பிடச் சொல்லு கண்ணு' என்பாள். அம்மா எல்லோரையும் 'சாமி' என்பாள். அரை மணி நேர வேலை. ஆனால் நாவலின் பெரிய சண்டைக் காட்சி அந்தத் தாளில்தான் இருந்தது. இருபது நாளாக இப்படிப் பேசிக்கொண்டிருந்தவன்:

"நீங்க சொன்னாச் சரிதானுங்ண்ணா."

இருபத்தோராம் நாள் இப்படிச் சொல்கிறான்:

"நீ சொன்னாச் சரியாயிருமா?"

அவ்வளவுதான். கையை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை இல்லை. 'ங்க' போய்விட்டது. அதைப் படித்த என் சித்தப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இப்பிடியா பேசுவான் ஒரு தம்பி?" என்றார். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நுணுக்கம் கட்டாயம் இருக்கும். எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் உறவு முறியும் என்று கண்டுபிடித்து வையுங்கள்.

சீட்டு எழுதுவது

பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதைக் கத்தரித்துச் சீட்டாக்கிக்கொண்டேன். நல்ல கனமான அட்டை, காசும் இல்லை. ஒரு சீட்டுக்கு ஒரு காட்சி, ஒரு காட்சி என்பது ஏறக்குறைய ஒரு நாள் வேலை. சீட்டில் மூன்று சங்கதிதான் எழுத வேண்டும்: யார் இருக்கிறார்கள், எங்கே, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். 'அண்ணன் தம்பி தேர்க்கடையில் சந்திக்கிறார்கள்' என்பது காட்சி ஆகாது. 'நோம்பிக்குத் தேர் பார்க்க வந்த இடத்தில், தம்பி மனுவில் கையெழுத்துப் போட்டது அண்ணனுக்குத் தெரிந்துவிடுகிறது' என்றால் காட்சி. அதை எழுத உட்கார்ந்தால் ஆயிரம் சொல் தானாக ஓடும்.

முப்பது சீட்டையும் நிரப்ப வேண்டாம். நான் 22 எழுதினேன், மீதியை வெறுமையாக விட்டேன். எழுதும்போது ஆட்கள் தாங்களாகவே கேட்கிற காட்சிகள் சில வரும். அதற்கு இடம் வேண்டும். ஆனால் கடைசிச் சீட்டு மட்டும் எங்கே நடக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும். என்ன நடக்கிறது என்பது தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை.

முதல் சீட்டு எது என்று ரொம்ப நாள் குழம்பாதீர்கள். தொடக்கம் திருத்தும்போது எப்படியும் மாறும். உங்களுக்கு எந்தக் காட்சி மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதையே முதல் நாள் எழுதிவிடுங்கள்.

மற்றவை

எதில் எழுதுவது என்பதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். செல்போனில் வேகமாக அடிப்பவர் செல்போனில் எழுதலாம். தமிழ் 99 விசைப்பலகை பழகியவர் அதிலேயே இருக்கலாம், அஞ்சல் விசைப்பலகை பழகியவர் அதிலேயே இருக்கலாம். மாதத்தின் நடுவில் விசைப்பலகையை மாற்ற மட்டும் மாற்றாதீர்கள். பேசி எழுதவைக்கிற வசதியையும் முயன்று பார்த்தேன். பொதுத்தமிழில் நன்றாக வருகிறது, நம் பேச்சில் தடுமாறுகிறது. கதை சொல்லும் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். நோட்டில் எழுதினால் தினமும் போட்டோ எடுத்து யாராவது ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கம்ப்யூட்டர் என்றால் இரண்டு இடத்தில் சேமியுங்கள். தொலைந்தால் திரும்ப எழுத மனம் வராது.

ஒவ்வொரு நாளும் எழுதி முடிக்கும்போது காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். பாதியில், அடுத்த வரி என்னவென்று தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் நாலு மணித் தூக்கக் கலக்கத்தில் அந்த வரி கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். முந்தைய நாள் எழுதியதைத் திரும்பப் படிக்கவும் வேண்டாம், கடைசிப் பத்தி மட்டும் போதும். முழுக்கப் படித்தால் திருத்தத் தோன்றும், திருத்த ஆரம்பித்தால் அன்றைக்கு ஆயிரம் வராது.

வீட்டில் சொல்லிவிடுங்கள். ரகசியமாக எழுதுகிறவர்களை வீடு நிம்மதியாக விடாது, என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் கார்த்திகைக் கடைசியில் எல்லோரையும் உட்காரவைத்து, மார்கழி முடியும்வரை காலையில் நாலிலிருந்து ஐந்துவரை என்னைக் கூப்பிடக் கூடாது, ராத்திரிப் பாத்திரம் என் வேலை இல்லை என்று சொன்னேன். வீட்டுக்காரர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். பிள்ளை, சொல் எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதுகிற வேலையை வாங்கிக்கொண்டான். அம்மாயிக்கு மட்டும் கதை என்னவென்று தெரிய வேண்டியிருந்தது, சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் அடுப்படிக்கு வந்து, "கெணத்துல தண்ணி இருக்குதா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடித்தாள். போகிக்கு முந்தின நாள் கேட்டபோது, "குழாய் இருமிக்கிட்டு இருக்குதுங்க அம்மாயி, நாளைக்குக் காத்தால பாக்கோணும்" என்றேன். அப்போது கடைசிச் சீட்டு ஒன்றுதான் பாக்கி இருந்தது.